கராஜ் கதவு மூட மறுக்கிறதா?

கம்ப்யூட்டர் இதழில் கார் ஷெட் கதவுக்கு என்ன வேலை என்று கேட்கிறீர்களா? நியாயமான கேள்விதான். மதுரையில் இருபது வருடங்களாகக் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்துவரும் எனக்கும் கதவுகளுக்கும் எந்தச் சம்பந்தமும் இருந்ததில்லை. 2023ஆம் ஆண்டு நவம்பர் மாதம் அமெரிக்காவில் நியூஜெர்ஸி மாநிலத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனபோதுதான் அந்தச் சம்பந்தம் ஏற்பட்டது.

அங்கே ஒரு கதவைச் சரி செய்தேன். அதற்கு நான் பயன்படுத்தியது புதிய வித்தை எதுவும் இல்லை. "சார், ஆன் ஆகமாட்டேங்குது" என்று நம் கடையில் கொண்டுவந்து வைக்கும் கம்ப்யூட்டருக்கு என்ன வழிமுறையோ, அதே வழிமுறைதான். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு இந்த வழிமுறை கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் வசிக்கும் வாசகர்களும், பிள்ளைகளைப் பார்க்க அங்கே போகும் பெற்றோரும் கதவு விஷயத்தையும் சேர்த்தே பயன்படுத்திக்கொள்ளலாம்.

கராஜ் ஓப்பனர் என்றால் என்ன?

அமெரிக்காவில் தனி வீடுகளில் கார் நிறுத்தும் அறை பெரும்பாலும் வீட்டோடு ஒட்டியே இருக்கும். இதைத்தான் கராஜ் என்கிறார்கள். இதன் கதவு நம் ஊர் கடை ஷட்டர் மாதிரி சுருளாது. நான்கைந்து பலகைகளாகப் பிரிந்து, இரு பக்கத் தண்டவாளங்களில் ஏறி, கூரைக்கு அடியில் படுத்துக்கொள்ளும். கூரையில் தொங்கும் ஒரு மோட்டார் பெட்டி இந்தக் கதவை இழுக்கிறது. காரில் இருந்தபடியே ரிமோட்டை அழுத்தினால் கதவு திறக்கும். இன்னொரு முறை அழுத்தினால் மூடும்.

அந்தப் பெட்டிக்குள் ஒரு சிறிய சர்க்யூட் போர்டு இருக்கிறது. ரிமோட், சுவர் பட்டன், சென்சார் ஆகியவை அதற்குத் தகவல் தருகின்றன. போர்டு முடிவெடுக்கிறது. மோட்டாரும் பல்பும் அதன்படி இயங்குகின்றன. இன்புட், பிராசஸிங், அவுட்புட்! கம்ப்யூட்டர் வகுப்பில் முதல் நாள் சொல்லிக் கொடுத்தது நினைவுக்கு வருகிறதா?

நடந்தது என்ன?

நான் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள். மாலை மூன்றரை மணி. மகள் பேத்தியை அழைத்துக்கொண்டு காரில் வந்து இறங்கினாள். பேத்திக்கு நான்கு வயது. காரிலிருந்து இறங்கியதும் தன் மூன்று சக்கர சைக்கிளை உருட்டிக்கொண்டு வெளியே வந்தவள், என்னைப் பார்த்ததும் சைக்கிளை வாசல் கோட்டிலேயே விட்டுவிட்டு "தாத்தா" என்று ஓடி வந்தாள். இதைக் கவனிக்காமல் மகள் உள்ளிருந்து சுவர் பட்டனை அழுத்திவிட்டாள்.

கதவு இறங்கியது. சைக்கிளைக் கண்டதும் நின்றுவிடும் என்றுதான் நான் நினைத்தேன். நிற்கவில்லை. பிளாஸ்டிக் இருக்கையை அழுத்தி, அது படக்கென்று விரிசல் விட்ட பிறகுதான் கதவு மேலே திரும்பியது. பேத்தி அந்த இடத்தைவிட்டு நகர்ந்து பத்து விநாடிகூட ஆகியிருக்காது.

மகளுக்குக் கை நடுங்கியது. எனக்கும்தான். ஆனால் இருபது வருடப் பழக்கம், கண் தானாகவே கதவின் அடிப்பகுதிக்குப் போனது. இரு பக்கமும் சென்சார் மாட்டும் தகடுகள் இருந்தன. சென்சார்களைக் காணோம்! நிமிர்ந்து பார்த்தால், இரண்டும் மோட்டார் பெட்டியின் மேல் ஒன்றையொன்று பார்த்தபடி டேப் சுற்றி வைக்கப்பட்டிருந்தன.

இரவு மாப்பிள்ளை வந்ததும் மெதுவாகக் கேட்டேன்.

"அதுவா மாமா, போன மாசத்துல இருந்து சாயந்திரம் ஆனா கதவு மூடவே மாட்டேன்னுது. பாதி வந்து திரும்ப மேல போயிடும். சர்வீஸ் ஆள் வந்து பார்த்துட்டு மொத்த யூனிட்டையும் மாத்தணும்னு சொன்னார். செலவு அதிகம். அப்புறம் ஒரு வீடியோ பார்த்து இப்படிப் பண்ணினேன். அதுக்கப்புறம் பிரச்னையே இல்ல."

"பிரச்னை இருக்கு மாப்பிள்ளை. அதைச் சொல்ற வாயைத்தான் கட்டிட்டீங்க" என்று சொல்லி, உடைந்த சைக்கிளைக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. "நாளைக்கு நான் லீவு போடறேன் மாமா. ரெண்டு பேருமா பார்ப்போம்" என்றார்.

அந்த இரண்டு கண்கள் எதற்கு?

கதவின் இரு பக்கமும் தரையிலிருந்து 6 அங்குலத்துக்கு மிகாத உயரத்தில் இரண்டு சிறிய பெட்டிகள் இருக்க வேண்டும். ஒன்று கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை அனுப்பும். டிவி ரிமோட்டிலிருந்து வருவதும் இதே வகைக் கதிர்தான். எதிரில் இருப்பது அதை வாங்கும். நடுவில் ஒரு குழந்தையோ பூனையோ வந்தால் கதிர் தடைப்படும். இறங்கிக்கொண்டிருக்கும் கதவு உடனே மேலே திரும்பும்.

இது கம்பெனிகள் விருப்பப்பட்டு வைத்த வசதி இல்லை. கதவில் சிக்கிக் குழந்தைகள் இறந்ததால் வந்த சட்டம். 1990ஆம் ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, 1993 ஜனவரி 1 முதல் தயாராகும் வீட்டு கராஜ் ஓப்பனர்கள் எல்லாவற்றிலும் இப்படி ஒரு கண்ணோ, அதற்கு ஈடான பாதுகாப்போ இருந்தாக வேண்டும்.

இதைத் தவிர இரண்டாவது பாதுகாப்பு ஒன்றும் உண்டு. கதவு எதன் மீதாவது மோதினால் மோட்டாருக்குச் சுமை கூடும். அதை உணர்ந்து போர்டு கதவைத் திருப்பிவிடும். எவ்வளவு அழுத்தத்துக்குத் திரும்ப வேண்டும் என்பதை அமைக்கப் பல மாடல்களில் ஒரு சிறிய திருகு இருக்கும். மகள் வீட்டில் அந்தத் திருகும் கடைசி வரை முறுக்கப்பட்டிருந்தது. கதவு திரும்பாமல் இருக்கட்டும் என்று மாப்பிள்ளை செய்த முதல் முயற்சி அது. சைக்கிள் உடைந்த பிறகு கதவு திரும்பியதற்குக் காரணம் இதுதான்.

நம் ஊரில் ஃப்யூஸ் அடிக்கடி போகிறது என்று தடித்த கம்பியாக வைத்துக் கட்டுவார்களே, அதே கதைதான். எச்சரிக்கை வருகிறது என்று ஆண்டிவைரஸை நிறுத்தி வைப்பவர்களையும் இந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். எச்சரிக்கையை நிறுத்துவது பழுது நீக்குவது ஆகாது.

முதல் வேலை: கேள்வி கேட்பது

கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன் வாடிக்கையாளரிடம் மூன்று கேள்விகள் கேட்பேன். எப்போதிலிருந்து? எந்த நேரத்தில்? அதற்கு முன் என்ன மாற்றினீர்கள்? பாதிப் பழுது இந்தப் பதில்களிலேயே பிடிபட்டுவிடும். இங்கேயும் அதையே கேட்டேன்.

"காலையில ஆபீஸ் போறப்ப நல்லாத்தான்பா மூடும். பாப்பாவைக் கூட்டிட்டு வர்ற நேரத்துலதான் தகராறு" என்றாள் மகள்.

"மழை, மேகமூட்டம் இருந்தா?"

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அன்னிக்கெல்லாம் ஒழுங்கா மூடினதா ஞாபகம்" என்றார் மாப்பிள்ளை.

போர்டு கெட்டுப் போயிருந்தால் அது காலை, மாலை பார்க்காது. மழை, வெயில் பார்க்காது. ஆகவே மொத்த யூனிட்டையும் மாற்றத் தேவையில்லை என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

நாங்கள் செய்த சோதனை

மறுநாள் காலை மோட்டாரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சென்சார்களைப் பழைய தகடுகளிலேயே மாட்டினோம். கண்ணாடிகளைச் சுத்தமான உலர்ந்த துணியால் துடைத்தோம். ஒன்றில் சிலந்தி வலை கட்டியிருந்தது. வயர் முனைகளைச் சீவி இறுக்கினோம். பிறகு பிளக்கைச் செருகினோம்.

மகள் வீட்டு மாடலில் அனுப்பும் கண்ணில் மஞ்சள் விளக்கு எப்போதும் எரியும். வாங்கும் கண்ணில் பச்சை விளக்கு, கதிர் சரியாக வந்து சேர்ந்தால் மட்டுமே எரியும். கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும். முதலில் பச்சை மங்கலாகத் துடித்தது. கண்ணைச் சிறிது சிறிதாகத் திருப்பி, விளக்கு அசையாமல் எரியும் இடத்தில் திருகை இறுக்கினோம். கதவு ஒழுங்காக மூடியது. மாப்பிள்ளை முகத்தில் மகிழ்ச்சி.

"இன்னும் முடியல. மூன்றரை மணி ஆகட்டும்" என்றேன்.

அங்கே நவம்பர் கடைசியில் மாலை நான்கரை மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடுகிறது. மூன்றரை மணிக்கு வெயில் மிகத் தாழ்வாக வரும். மகள் வீட்டுக் கதவு மேற்குப் பார்த்தது. குளிர்காலத்தில் அந்தி வெயில் தென்மேற்கிலிருந்து சாய்ந்து வருகிறது. வாங்கும் கண் வடக்குப் பக்கம், தெற்கைப் பார்த்தபடி இருந்தது. காபி டம்ளருடன் இருவரும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். வெயில் அந்தக் கண் மேல் ஏறியது. பச்சை விளக்கு இரண்டு முறை துடித்து அணைந்தது!

உள்ளங்கையால் கண்ணுக்கு நிழல் கொடுத்தேன். விளக்கு எரிந்தது. கையை எடுத்தேன். அணைந்தது. சூரிய ஒளியிலும் அகச்சிவப்புக் கதிர் நிறைய இருக்கிறது. அந்த வெள்ளத்தில் எதிர்ப் பெட்டியின் மெல்லிய கதிர் மூழ்கிப் போனது. 'ஏதோ குறுக்கே நிற்கிறது' என்று போர்டு முடிவு செய்தது. தனக்குத் தெரிந்ததை வைத்து அது எடுத்த முடிவு சரியான முடிவுதான்.

தீர்வு மிக எளிது. அனுப்பும் கண்ணையும் வாங்கும் கண்ணையும் இடம் மாற்றினோம். அந்த மாடலில் இரண்டு கண்களுமே பெட்டியில் ஒரே ஜோடி முனைகளுக்குப் போவதால் வயரிங் மாற்ற வேண்டியிருக்கவில்லை. இப்போது வாங்கும் கண் தெற்குச் சுவர் நிழலில் இருந்து வடக்கைப் பார்க்கிறது. வெயில் அதில் விழ வழியில்லை. செலவு ஒரு சென்ட்கூட இல்லை. இடம் மாற்ற முடியாதவர்கள் கண்ணைச் சுற்றி ஒரு சிறிய அட்டைக் குழாயைத் தொப்பி மாதிரி வைத்தாலும் பலன் கிடைக்கும்.

அதன் பிறகு அழுத்தத் திருகைக் குறைத்தோம். ஒன்றரை அங்குல கனமுள்ள பலகையை வாசல் கோட்டில் தரையில் படுக்க வைத்து, கதவை மூடினோம். பலகையைத் தொட்ட உடனே கதவு மேலே திரும்ப வேண்டும். முதல் இரண்டு முறை தாமதமாகத் திரும்பியது. திருகை இன்னும் குறைத்த பின் தொட்டவுடன் திரும்பியது. இந்தச் சோதனையை மாதம் ஒரு முறை செய்ய வேண்டும். காலண்டரில் ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமையில் மகள் குறித்து வைத்திருக்கிறாள்.

அறிகுறி என்ன? காரணம் என்ன?

அங்கே இருந்த இரண்டு மாதங்களில் அக்கம்பக்கத்து நம்மவர்கள் வீட்டுக் கதவுகளும் என்னைத் தேடி வந்தன. பார்த்ததையும், கற்றுக்கொண்டதையும் வரிசைப்படுத்தித் தருகிறேன். எப்போதும் எளிதானதில் தொடங்குங்கள்.

1. எதுவுமே இயங்கவில்லை, பல்பும் எரியவில்லை: பிளக் பாயின்ட்டில் மின்சாரம் வருகிறதா என்று ஒரு டேபிள் விளக்கைச் செருகிப் பாருங்கள். கராஜில் பெரும்பாலும் டெஸ்ட், ரீசெட் என்று இரண்டு பட்டன்கள் உள்ள பாதுகாப்பு பாயின்ட் இருக்கும். மின்கசிவு ஏற்பட்டால் அது தானே அணைந்துகொள்ளும். ரீசெட்டை அழுத்தினால் போதும். சில வீடுகளில் இந்த பட்டன் வேறொரு பாயின்ட்டில் இருக்கும். தேடிப் பார்க்க வேண்டும்.

2. சுவர் பட்டன் வேலை செய்கிறது, எந்த ரிமோட்டும் வேலை செய்யவில்லை: சுவர் பட்டன் பலகையில் லாக் என்றொரு ஸ்விட்ச் இருக்கிறதா பாருங்கள். ஊருக்குப் போகும்போது ரிமோட்டுகளை முடக்கி வைக்க உதவும் வசதி இது. தெரியாமல் கை பட்டாலும் முடங்கிவிடும். கீ போர்டில் கேப்ஸ் லாக் விழுந்திருப்பது தெரியாமல் பாஸ்வேர்ட் தவறு என்று தலையைப் பிய்த்துக்கொள்வோமே, அதே போலத்தான்.

3. ஒரு ரிமோட் மட்டும் வேலை செய்யவில்லை: பேட்டரியை மாற்றுங்கள். பல ரிமோட்டுகளில் இருப்பது சி.ஆர். 2032 என்ற காசு வடிவ பேட்டரி. உங்கள் கம்ப்யூட்டர் மதர்போர்டில் தேதியையும் நேரத்தையும் காப்பாற்றிக்கொண்டிருப்பதும் இதே பேட்டரிதான்! அப்படியும் இயங்காவிட்டால் ரிமோட்டை மறுபடி அறிமுகப்படுத்த வேண்டும். அதைக் கீழே பார்ப்போம்.

4. ரிமோட் மிக அருகில் வந்தால்தான் வேலை செய்கிறது: ஓப்பனரில் இருக்கும் பல்பைக் கழற்றிவிட்டு முயன்று பாருங்கள். எல்.இ.டி. பல்புக்குள் இருக்கும் சிறிய பவர் சப்ளை சர்க்யூட், ரேடியோ இரைச்சலை உண்டாக்கலாம். பல்பு ரிசீவருக்குப் பக்கத்திலேயே இருப்பதால் ரிமோட்டின் சிக்னல் அமுங்கிவிடும். மகள் வீட்டில் இந்தக் கோளாறும் இருந்தது. கராஜ் ஓப்பனருக்கென்றே தயாரிக்கப்படும் எல்.இ.டி. பல்பை மாட்டியதும் தெரு முனையிலிருந்தே கதவு திறந்தது.

5. கதவு பாதி இறங்கித் திரும்புகிறது, பல்பு மின்னுகிறது: சென்சாரைப் பாருங்கள். துடைப்பது, நேராக்குவது, வயர் பார்ப்பது, வெயில் பார்ப்பது என்ற வரிசையில் போங்கள். பல்பு மின்னுவது கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது வரும் பீப் ஒலி மாதிரி. எத்தனை முறை மின்னினால் என்ன பொருள் என்பது மாடலுக்கான கையேட்டில் இருக்கும்.

6. மோட்டார் ஓடுகிறது, கதவு அசையவில்லை: சிவப்புப் பிடியுள்ள கயிறு ஒன்று தொங்கும். அதை யாராவது இழுத்திருந்தால் மோட்டாரும் கதவும் பிரிந்திருக்கும். மறுபடி இணைத்தால் போதும். அது இல்லாமல், பெட்டிக்கு அடியில் வெள்ளைத் தூள் உதிர்ந்திருந்தால் உள்ளே நைலான் பல்சக்கரம் தேய்ந்துவிட்டது என்று பொருள். செயின் வகை ஓப்பனர்களில் இது சகஜம். சக்கரம் மட்டும் தனியாகக் கிடைக்கும்.

7. மோட்டார் 'ம்ம்ம்' என்று முனகுகிறது, சுழலவில்லை: பழைய வகை ஏ.சி. மோட்டாரில் கெப்பாசிட்டர் போயிருக்கலாம். நம் வீட்டு ஃபேன் கையால் சுழற்றிவிட்டால்தான் ஓடும் என்றால் என்ன பழுதோ, அதே பழுது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். பழக்கம் இல்லாதவர்கள் தொட வேண்டாம்.

இதை மட்டும் தொடாதீர்கள்!

ஒரு நாள் காலை பக்கத்து வீட்டில் வெடி வெடித்த மாதிரி சத்தம். கதவின் ஸ்பிரிங் அறுந்திருந்தது. அந்த வீட்டுக்காரர் ஸ்குரூ டிரைவரும் கையுமாக நின்றார். வேண்டவே வேண்டாம் என்று தடுத்தேன்.

இரண்டு கார் அகல இரும்புக் கதவு 70 கிலோவுக்கு மேலேயே இருக்கும். அதைத் தூக்குவது மோட்டார் இல்லை. கதவுக்கு மேல் முறுக்கி வைக்கப்பட்டிருக்கும் ஸ்பிரிங்தான் எடையைச் சுமக்கிறது. மோட்டார் லேசாகத் தள்ளிவிடுகிறது, அவ்வளவுதான். வழக்கமான ஸ்பிரிங்கின் ஆயுள் சுமார் 10,000 முறை திறந்து மூடுவது. தினமும் நான்கு முறை என்றால் ஏறக்குறைய ஏழு வருடம். அந்த முறுக்கு திடீரென விடுபட்டால் கை எலும்பு உடையும். உயிரே போகலாம். நம் பழைய குண்டு மானிட்டரின் பின்பக்கத்தைத் திறக்காதீர்கள் என்று நான் எத்தனை முறை சொல்லியிருப்பேன்? அதே கண்டிப்போடு சொல்கிறேன். ஸ்பிரிங், அதன் கேபிள் இரண்டும் தொழில் தெரிந்தவர்களுக்கு மட்டுமே.

ஸ்பிரிங் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க மட்டும் ஒரு வழி உண்டு. கதவு முழுவதும் மூடியிருக்கும்போது சிவப்புக் கயிற்றை இழுத்துப் பிரியுங்கள். கையால் பாதி உயரம் தூக்கி, கீழே யாரும் இல்லாமல் பார்த்துக்கொண்டு பிடியைத் தளர்த்திப் பாருங்கள். அங்கேயே நின்றால் சமநிலை சரி. கீழே இறங்கினால் ஆளைக் கூப்பிடுங்கள். திறந்திருக்கும் கதவில் கயிற்றை இழுக்காதீர்கள். ஸ்பிரிங் அறுந்திருந்தால் கதவு தலைமேல் விழும்.

ரிமோட்டுக்குள் பைனரி

ஒரு வீட்டில் 1980களைச் சேர்ந்த ரிமோட் ஒன்றைத் திறந்து பார்த்தேன். உள்ளே வரிசையாகக் குட்டி ஸ்விட்சுகள். டிப் ஸ்விட்ச் என்பார்கள். பழைய ஹார்டுவேர் ஆட்களுக்கு இது நல்ல அறிமுகம். ரிமோட்டில் எந்த வரிசையோ, மோட்டார் பெட்டியிலும் அதே வரிசை இருந்தால் கதவு திறக்கும்.

ஒவ்வொரு ஸ்விட்சும் ஒரு பிட். ஆன் என்றால் 1, ஆஃப் என்றால் 0. எட்டு ஸ்விட்ச் என்றால் 256 சாவிகள். பன்னிரண்டு என்றால் 4,096 சாவிகள். கேட்க நிறைய மாதிரி தெரியும். ஆனால் 2015இல் சாமி காம்கர் என்ற பாதுகாப்பு ஆராய்ச்சியாளர், சிறுமிகளுக்கான ஒரு பழைய மெசேஜ் பொம்மையை மாற்றியமைத்து, இப்படிப்பட்ட எல்லா எண்களையும் சுமார் 8 விநாடிகளில் அனுப்பிக் கதவைத் திறக்கலாம் என்று காட்டினார். ஒவ்வோர் எண்ணையும் தனித்தனியாக அனுப்பினால் அரை மணி நேரம் ஆகும். எண்களை ஒன்றின் வால் அடுத்ததன் தலையாக வருமாறு கோத்து அனுப்பியதுதான் அவர் செய்த தந்திரம்.

இதனால்தான் 1990களின் நடுப்பகுதியிலிருந்து ரோலிங் கோடு வந்தது. ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் ரிமோட் புதிய எண்ணை அனுப்பும். அடுத்து என்ன எண் வரும் என்பது மோட்டார் பெட்டிக்கும் தெரியும். பேங்கிலிருந்து ஒவ்வொரு முறையும் புது ஓ.டி.பி. வருகிறதே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. ஒரு முறை வந்த எண்ணை யாராவது பதிவு செய்து மறுபடி அனுப்பினாலும் கதவு திறக்காது.

புதிய ரிமோட்டை அறிமுகப்படுத்தப் பெட்டியில் லேர்ன் என்ற பட்டன் இருக்கும். அதை ஒரு முறை அழுத்தி, அரை நிமிடத்துக்குள் ரிமோட்டை அழுத்துங்கள். பல்பு மின்னினால் பதிவாகிவிட்டது. பல மாடல்களில் லேர்ன் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் எல்லா ரிமோட்டுகளும் அழிந்துவிடும். ரிமோட் தொலைந்தாலோ, பழைய வீட்டை வாங்கிக் குடிபோனாலோ முதல் வேலையாக இதைச் செய்யுங்கள். பழைய கம்ப்யூட்டரை வாங்கியதும் பாஸ்வேர்டை மாற்றுவது போல. இல்லாவிட்டால் முன்பு குடியிருந்தவர் கையிலும் உங்கள் வீட்டுச் சாவி இருக்கிறது என்று பொருள்.

பழுது உங்கள் வீட்டிலேயே இல்லாமலும் இருக்கலாம். 2004இல் ஃப்ளோரிடாவில் எக்ளின் விமானப்படைத் தளத்தில் புதிய ரேடியோ முறையைச் சோதித்தபோது சுற்றுவட்டாரத்தில் பல வீடுகளின் ரிமோட்டுகள் செயலிழந்தன. ராணுவத்துக்கு ஒதுக்கப்பட்ட 380 முதல் 400 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில்தான் 390 மெகாஹெர்ட்ஸ் ரிமோட்டுகள் குடியிருந்தன. தெருவில் எல்லாருக்கும் ஒரே நாளில் ரிமோட் போனால் உங்கள் பெட்டியைக் கழற்றாதீர்கள். கேபிள் கனெக்ஷன் ஊருக்கே போயிருக்கும்போது நம் டிவியைத் தட்டுவது போலாகிவிடும்.

மின்சாரம் போனால்?

சிவப்புக் கயிறு எதற்கு என்று மகளுக்குத் தெரிந்திருக்கவில்லை. இது தெரியாமல் இருப்பது ஆபத்து. 2017இல் கலிஃபோர்னியாவில் காட்டுத்தீ பரவியபோது மின்சாரம் நின்றது. கராஜ் கதவைத் திறக்க முடியாமல் பலர் தவித்தார்கள். உயிரிழப்புகளும் நேர்ந்தன. அதனால் 2019 ஜூலை 1 முதல் அந்த மாநிலத்தில் விற்கும் வீட்டு ஓப்பனர்களில் பேட்டரி பேக்கப் கட்டாயம் ஆக்கப்பட்டது. நம் யு.பி.எஸ். போலத்தான். பேக்கப் இருந்தாலும் இல்லாவிட்டாலும், வீட்டில் உள்ள பெரியவர்கள் எல்லாரும் கயிற்றை இழுத்துக் கதவைக் கையால் தூக்கி ஒரு முறையாவது பழக வேண்டும். மகளுக்கு அன்றே பழக்கிவிட்டேன்.

இப்போது நம் ஊரிலும் மோட்டார் வைத்த கேட்டுகளும் ஷட்டர்களும் வரத் தொடங்கிவிட்டன. உங்கள் வீட்டிலோ அபார்ட்மென்ட்டிலோ அப்படி ஒன்று இருந்தால், அதில் சென்சார் இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று இன்றே பாருங்கள். ஒரு அட்டைப் பெட்டியைக் குறுக்கே நீட்டினால் கேட் நிற்கிறதா என்பது ஒரு நிமிடச் சோதனை. நிற்காவிட்டால், சரியாகும் வரை அந்தப் பக்கம் குழந்தைகளை விடாதீர்கள்.

உங்கள் கம்ப்யூட்டரில் அடுத்த முறை ஒரு எரர் மெசேஜ் வந்தால் அதை மூடும் பட்டனைத் தேடாமல் முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எப்போது வருகிறது, எதைச் செய்யும்போது வருகிறது, எப்போது வருவதில்லை என்று கவனியுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். சர்வீஸ் ஆள் 'மொத்தமா மாத்தணும்' என்று சொன்னால், அந்தத் தாளைக் காட்டிக் காரணம் கேளுங்கள்.

நான் ஊர் திரும்புவதற்கு முந்தைய நாள் மாலை மாப்பிள்ளை கதவை மூடிக் காட்டினார். மூன்றரை மணி, நல்ல வெயில். கதவு இறங்கிக்கொண்டிருக்கும்போது பேத்தியின் பந்து உருண்டு வாசல் கோட்டைத் தாண்டியது. கதவு சட்டென்று நின்று மேலே திரும்பியது.

"மறுபடி மூட மாட்டேங்குது மாமா" என்று சிரித்தார். இந்த முறை அதுதான் எங்களுக்கு வேண்டியிருந்தது.